ஊரே கேட்கும் குழுவை ஏன் வெறுக்கிறோம்? ராக் இசை ரசனை பற்றிய கேள்வி பதில்

முப்பத்தைந்து ஆண்டுகளாக ராக் இசையைக் கேட்டும், கிட்டார் வாசித்தும் வருகிறேன். மக்கள் பெரிதும் விரும்பிய குழுக்களே பெரிதும் வெறுக்கப்படுவது எதனால், அந்த வெறுப்பு பிறகு கரைவது எதனால் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நிக்கல்பேக் குழுவின் பாடல்கள் எனக்குப் பிடிக்கும். அதை வெளியில் சொன்னால் கேலிதான் மிஞ்சுகிறது. இத்தனை பேர் வெறுக்கும் அளவுக்கு அவர்கள் செய்த குற்றம் என்ன?

பதில்: குற்றம் என்று சொல்லத்தக்கது எதையும் அவர்கள் செய்யவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹன்னா என்ற சிற்றூரில் 1995-இல் தொடங்கிய குழு அது. 2001-இல் வெளிவந்த 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' என்ற பாடல் அமெரிக்காவின் பில்போர்டு என்ற பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. வெறுப்பின் வேரை அந்தப் பாடலுக்குள் தேடுவதைவிட, அது மக்களின் காதுக்கு வந்து சேர்ந்த வழியில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரும் வரை, அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வரம்பு நீக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஒரே நிறுவனத்திடம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்துவிட்டன. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பாடல் பட்டியல்கள் ஒன்றுபோல ஆயின. கனடாவிலோ, வானொலிகள் உள்நாட்டுக் கலைஞர்களின் பாடல்களைக் குறிப்பிட்ட அளவு ஒலிபரப்பியே ஆக வேண்டும் என்ற விதி 1971 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் 30 சதவீதமாக இருந்த அந்த அளவு 1999-இல் 35 சதவீதமாக உயர்ந்தது. கனடாவிலிருந்து வந்த, எந்த நிலையத்துக்கும் பொருந்தக்கூடிய, கரடுமுரடான குரலும் மெருகேறிய ஒலிப்பதிவும் கொண்ட ஒரு குழு இந்த இரண்டு வாய்க்கால்களிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. விரும்பித் தேடிக் கேட்டவர்களைவிட, வேறு வழியின்றிக் கேட்டவர்கள் அதிகமானார்கள்.

இசை சார்ந்த குறை ஒன்றும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' பாடலை இடப்பக்க ஒலிபெருக்கியிலும், 2003-இல் அவர்களே வெளியிட்ட 'சம்டே' என்ற பாடலை வலப்பக்கத்திலும் யாரோ ஒருவர் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டினார். நானும் ஹெட்போன் அணிந்து கேட்டேன். இரண்டு பாடல்களும் ஒரே இடத்தில் அடங்குகின்றன, ஒரே இடத்தில் பொங்குகின்றன; பல்லவியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கிறது. ஒரே வாய்பாட்டில் எழுதும் குழு என்ற குற்றச்சாட்டுக்கு அது கண்கூடான சான்றாகிவிட்டது. ஆனால் ஒரே வாய்பாட்டில் எழுதிய குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, 2011-இல் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் இவர்கள் வாசிக்கக் கூடாது என்று 50,000-க்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டது அந்த வாய்பாட்டுக்காக மட்டும் இருக்க முடியாது. அதற்குள் அந்தக் குழுவை வெறுப்பது ஒரு சமூக அடையாளமாகவே மாறிவிட்டிருந்தது. (அன்று அவர்கள் வாசிக்கத்தான் செய்தார்கள்.) உங்களுக்குப் பிடித்தால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் நாம் வெறுப்பது பாட்டையா, பாட்டைக் கேட்கும் ஆட்களையா?

பதில்: பெரும்பாலும் ஆட்களை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் போர்டியூ 1970-களிலேயே இதை விரிவாக ஆராய்ந்தார். நாம் எதை விரும்புகிறோம் என்பதைவிட எதைக் கண்டு முகம் சுளிக்கிறோம் என்பதே நம் ரசனையை முதலில் உருவாக்குகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அமெரிக்காவில் பெத்தனி பிரைசன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதை இசைக்கே பொருத்திப் பார்த்தது. படிப்பு கூடக் கூட மக்கள் வெறுக்கும் இசை வகைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் அப்படிப்பட்டவர்களும் மறுக்கும் வகைகள், ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் வகை உட்பட, படிப்புக் குறைந்தவர்களிடம் செல்வாக்குப் பெற்றவையாகவே இருக்கின்றன. 'எனக்கு எல்லா இசையும் பிடிக்கும், அதைத் தவிர' என்று ஒருவர் சொல்லும்போது, அந்த 'அது' எது என்பதைக் கவனியுங்கள். அதன் ரசிகர்களாக அவர் யாரைக் கற்பனை செய்கிறார் என்பது அதில் வெளிப்பட்டுவிடும்.

ராக் ரசிகர்களான நாமும் இதில் சுத்தமானவர்கள் அல்லர். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில், ராக் வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் அழைப்பை ஏற்றுத் திரண்ட கூட்டத்தின் முன் டிஸ்கோ என்ற நடன இசையின் தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் வளர்த்த இசை என்பதை நினைத்தால், அன்று வெடித்தது வெறும் இசைத்தட்டு மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: விமர்சகர்கள் திட்டிய குழுக்கள் பின்னாளில் கொண்டாடப்பட்டது உண்டா?

பதில்: ஏராளமாக உண்டு. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969-இலும், பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை 1970-இலும் ரோலிங் ஸ்டோன் இதழ் தாக்கி எழுதியது. வீசர் குழுவின் 'பிங்கர்ட்டன்' இன்னும் வியப்பான கதை. 1996-இல் அதே இதழின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-இல் அதே இதழின் வாசகர்கள் அதை எக்காலத்துக்கும் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் 16-ஆம் இடத்தில் வைத்தார்கள். ஆறே ஆண்டுகள், ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

கேள்வி: கிட்டார் கற்று வருகிறேன். ஏசி/டிசி குழுவின் இசை மிகவும் எளிது, அதில் கற்க எதுவும் இல்லை என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: இருபது வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடினமானதே உயர்ந்தது என்று நம்பிய காலம் அது. வேகமான விரலோட்டம் இல்லாத எதையும் இசையாகவே மதிக்க மாட்டேன். முப்பது வயதை நெருங்கும்போது நண்பர்களின் குழு ஒன்றில் 'பேக் இன் பிளாக்' பாடலை வாசிக்க வேண்டி வந்தது. கிட்டாரில் கார்ட் என்று சொல்லப்படும் சுரக்கூட்டுகள் அதன் தொடக்கத்தில் மூன்றே மூன்று. முதல் வாரத்தில் கற்பவர்களுக்கே அவை தெரிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணி உட்கார்ந்தேன்.

ஒத்திகையைப் பதிவுசெய்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. சுரங்கள் எல்லாம் சரி, பாட்டு மட்டும் அங்கே இல்லை. அந்தப் பாட்டின் உயிர் சுரக்கூட்டுகளுக்கு இடையிலுள்ள மௌனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மீட்டலுக்குப் பிறகும் கம்பிகளை உள்ளங்கையால் சட்டென்று அடக்கி, அடுத்த மீட்டல் வரும் வரை எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். பின்னால் டிரம்ஸ் மட்டும் அடியை எண்ணிக்கொண்டிருக்கும். நான் அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் ஒவ்வொரு முறையும் மயிரிழை முந்திக்கொண்டிருந்தேன். ஏசி/டிசியின் தாள கிட்டார் கலைஞர் மால்கம் யங் மேடையின் பின்புறத்தில் நின்றபடி, முழுக் கச்சேரியிலும் முந்தாமல் பிந்தாமல் இதைச் செய்தார். அவருடைய கிட்டாரின் ஒலியையும் ஊன்றிக் கேளுங்கள். நாம் நினைப்பதைவிட அதில் இரைச்சல் மிகக் குறைவு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். அந்தக் குழுவை நான் பத்தாண்டுகள் வெறுத்ததற்குக் காரணம் அவர்களிடம் இருந்த குறை அன்று. எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். மெட்ரோனோம் என்ற தாளம் எண்ணும் கருவியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று சுரக்கூட்டுகளை ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துப்போகுமா, சலித்துப்போகுமா?

பதில்: இரண்டும் நடக்கும், வரிசையாக. ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களும் அறிமுகமில்லாத முகங்களும்கூட மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டாலே மனத்துக்கு இணக்கமாகிவிடுகின்றன என்று காட்டினார். பின்னர் டேனியல் பெர்லைன் இதற்கு ஓர் உச்சி உண்டு என்று விளக்கினார். பழகப் பழக விருப்பம் ஏறும். ஓரளவுக்குப் பிறகு இறங்கத் தொடங்கும். எளிய அமைப்புள்ள பாடல் விரைவில் உச்சியைத் தொட்டு விரைவில் சலிக்கும். சிக்கலான பாடல் மெல்ல ஏறும். வானொலியில் வெற்றி பெறும் பாடலே முதலில் வெறுக்கப்படும் பாடலாகவும் மாறுவது இதனால்தான்.

நாம் தேர்ந்தெடுத்துக் கேட்கிறோமா, நம் மேல் திணிக்கப்படுகிறதா என்பதும் முக்கியம். 2014 செப்டம்பரில் யூ2 குழுவின் புதிய ஆல்பம் ஆப்பிளின் இசைச் சேவையான ஐடியூன்ஸில் ஏறத்தாழ 50 கோடி கணக்குகளில் அனுமதி கேட்காமலே சேர்க்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்ததற்கு நன்றி சொல்வதற்கு மாறாக மக்கள் கொதித்தார்கள். அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் நிறுவனம் தனி வசதி செய்துதர வேண்டியதாயிற்று. அந்த ஆல்பத்தை ஒருமுறைகூடக் கேட்காதவர்களே அதிகம் திட்டினார்கள் என்பது நான் நேரில் கண்டது.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது ஆகிறது. இளமையில் கேட்ட குழுக்களைத் தவிர வேறு எதுவும் மனத்தில் ஒட்டுவதில்லை. என் ரசனை உறைந்துவிட்டதா?

பதில்: உறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஹோல்புரூக், ஷிண்ட்லர் ஆகிய இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு ஏறக்குறைய 23 அல்லது 24 வயது இருந்தபோது புகழ்பெற்ற பாடல்களையே மக்கள் மிக அதிகமாக விரும்பியது தெரியவந்தது. அந்த வயதில் நாம் ஒரு பாட்டைக் கேட்பதில்லை, அதோடு வாழ்கிறோம். ஒரே ஆல்பத்தை மாதக்கணக்கில் கேட்கிறோம், நண்பர்களோடு சண்டை போடுகிறோம், வரிகளை நோட்டில் எழுதி வைக்கிறோம். இன்று ஒரு புதிய பாட்டுக்கு முப்பது விநாடி கொடுத்துவிட்டு, அது அன்றைய பாட்டைப் போல இனிக்கவில்லை என்று வருந்துவது நியாயம் ஆகாது. புதிய ஆல்பம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதையே கேட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: பங்க் இசைக்காரர்கள் பிங்க் ஃபிளாய்டை உண்மையிலேயே வெறுத்தார்களா?

பதில்: பங்க் என்பது எளிய, முரட்டு ராக்; பிங்க் ஃபிளாய்டின் இசையோ நீண்டது, சிக்கலானது. அந்த வெறுப்பை ஒரு தலைமுறையின் பிரகடனம் என்று கொள்வதே சரி. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்டின் பெயர் பொறித்த சட்டையில் 'வெறுக்கிறேன்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதி அணிந்திருந்தது புகழ்பெற்ற செய்தி. பின்னாளில் அதே லைடன் அவர்களின் இசை தனக்குப் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1977-இல் தி டேம்ன்ட் என்ற பங்க் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் பிங்க் ஃபிளாய்டின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கிரீட், ஜர்னி போன்ற குழுக்கள் திடீரென்று மறுபடியும் மதிக்கப்படுவது எப்படி?

பதில்: அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பது முதல் காரணம். 1999-இல் கிரீட் குழுவின் 'ஹயர்' பாடலைப் பன்னிரண்டு வயதில் கேட்டவருக்கு, எந்த விமர்சகர் என்ன எழுதினார் என்பது தெரியாது. 2023-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியினர் அந்தப் பாட்டைத் தங்கள் வெற்றிப் பாட்டாக்கிக்கொண்டு வேர்ல்ட் சீரிஸ் கோப்பையையும் வென்றார்கள்; அடுத்த ஆண்டே குழு மீண்டும் மேடையேறியது.

ஜர்னியின் கதையில் பாட்டின் அமைப்புக்கும் பங்கு உண்டு. 1981-இல் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடம் வரையே சென்றது. பட்டியலுக்காகச் செய்த இசை என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ஆனால் பட்டியலுக்காக எழுதுபவர் பல்லவியை முதல் நிமிடத்திலேயே வைத்துவிடுவார். இந்தப் பாட்டிலோ, பெயருக்குரிய அந்த வரி முக்கால் பங்கு ஓடிய பிறகே வருகிறது. அதுவரை பியானோவும் கிட்டாரும் நம்மைக் காத்திருக்க வைக்கின்றன. 2007-இல் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கடைசிக் காட்சியில் அது ஒலித்தபோது, புதிய சூழலில் புதிய காதுகள் அந்தக் காத்திருப்பைக் கேட்டன.

கேள்வி: ஒரு குழு புகழ்பெறுவது தகுதியாலா, அதிர்ஷ்டத்தாலா?

பதில்: 2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட சோதனையைச் சொன்னால் போதும். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். ஒரு பகுதியினர் தனித்துக் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுக் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தம் கூட்டத்தில் எது அதிகம் பதிவிறக்கப்பட்டது என்பதைப் பார்த்தபடி கேட்டார்கள். தனித்துக் கேட்டவர்களிடம் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடத்தையும் இன்னொன்றில் 40-ஆம் இடத்தையும் பெற்றது. மிகச் சிறந்தவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. இடைப்பட்டவை எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன.

கேள்வி: என் கணவருக்கு ரஷ் குழு என்றால் உயிர். எனக்கோ அந்தப் பாடகரின் உச்சக் குரலைத் தாங்கவே முடியவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவைக்க முயல வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை அம்மா. கெடி லீயின் குரல் உங்கள் காதுக்கு ஒவ்வவில்லை என்பது இசையைக் கேட்டு நீங்களே சொல்லும் காரணம். அதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் குரலை ஒதுக்கிவிட்டு அந்தக் குழுவைச் சந்திக்க ஒரு வழி இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு ஆல்பத்திலுள்ள 'ஒய்ஒய்இசட்' என்ற பாட்டில் பாடும் குரலே கிடையாது, வெறும் வாத்தியங்கள்தாம். அவர்களுடைய ஊரான டொராண்டோவின் விமான நிலையக் குறியீடுதான் அந்தப் பெயர். அந்த மூன்று எழுத்துகளுக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் உள்ள நெடிய, குறுகிய ஒலிகளையே தொடக்கத் தாளமாக்கியிருக்கிறார்கள்: நெடில் குறில் நெடில் நெடில், மறுபடியும் நெடில் குறில் நெடில் நெடில், பிறகு நெடில் நெடில் குறில் குறில். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். ஏழு, ஏழு, ஆறு என்று இருபது மாத்திரைகள் நிறைந்ததும் தாளம் முதலுக்குத் திரும்பும். முதலில் சிறு உலோகத் தகடுகளில் அந்தத் தாளம் தனியாக ஒலிக்கும். பிறகு பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அதே தாளத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இருவருமாக எண்ணிப் பாருங்கள்.