அடக்கமான வீடு, இதமான வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் 850 சதுர அடி ஃப்ளாட். பழுப்பு சோபா, மர நிற வால்பேப்பர் எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் ராத்திரியில் ஹால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. என்ன குறை?

விளக்குதான் குறை. கடையில் வெறுமனே எல்இடி என்று கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் பல்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். நீலம் கலந்த வெள்ளை அது. அதன் கீழே எந்தப் பழுப்பும் சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும். பெட்டியின் ஓரத்தில் 2700 அல்லது 3000 கெல்வின், 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவான சிஆர்ஐ 90க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது, மரத்தின் நிறமும் மனிதர் முகமும் உள்ளபடி தெரியும்.

அப்புறம், விளக்கு இருக்கும் உயரம். சுவர் உச்சியில் ஒரே ட்யூப் லைட் எரிந்தால் ஹால் முழுக்க ஒரே தட்டையான வெளிச்சம். அந்த ட்யூப் லைட்டை, வீடு பெருக்கித் துடைக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் சோபா ஓரம் ஒரு ஸ்டாண்ட் விளக்கு, எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே துணி மூடி போட்ட ஒரு விளக்கு, இரண்டும் போதும். ஒரே அறையில் மஞ்சளும் நீல வெள்ளையும் கலந்து எரிய விடாதீர்கள். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மட்டும் 4000 கெல்வின் வைக்கலாம். வால்பேப்பரைக் கிழிக்கும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் அவசியமா சார்?

தரையிலிருந்து தளம் வரை உயரம் 10 அடிக்குக் குறைவு என்றால் வேண்டாம். அறை குள்ளமாகிவிடும், ஃபேனும் தலைக்கு மேல் நெருங்கி வந்துவிடும். அந்தப் பணத்தை ஜன்னலுக்கும் நல்ல திரைச்சீலைக்கும் செலவழியுங்கள்.

கேள்வி: சுவருக்கு எந்த வெள்ளை அடிக்கலாம்? ஷேட் கார்டில் இருபது வெள்ளை இருக்கிறது!

மஞ்சளோ சிவப்போ துளி கலந்த வெள்ளையாகப் பாருங்கள். கார்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் பூச்சு சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும். ஆனால் குழந்தைகள் கை படும் இடங்களில், துடைக்கக்கூடிய பூச்சு என்று கேட்டு அதை அடியுங்கள்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீகம். ஃப்ளாட் தரை முழுக்க ஆத்தங்குடி கல் பதிக்க ஆசை. சரிவருமா?

ஆசை நல்ல ஆசைதான் அம்மா. ஆனால் தரை முழுக்கப் பூ வேலை வேண்டாம் என்பேன். செட்டிநாட்டு வீடுகளில் அது அழகாக இருப்பதற்குப் பெரிய கூடம், உயரமான கூரை, முற்றத்து வெளிச்சம் எல்லாம் காரணம். சின்ன ஹாலில் அதே பூக்கள் கண்ணை ஓயவிடாது. பூஜை இடத்துக்கும் வாசல் நடைக்கும் பூ போட்ட கல், மற்ற இடத்தில் அதே ஆத்தங்குடியில் ஒரே நிறக் கல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அந்தக் கண்ணாடிதான் முதல் பளபளப்பைத் தருகிறது, மீதியைப் புழங்கும் கால்கள் தரும். பதித்து முடித்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றுகிறேன் என்று கொத்தனார் சொன்னால் கண்டிப்பாக விடாதீர்கள், நிறம் அரித்துப்போகும். எலுமிச்சை, புளி சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். கல் தடிமனானது. பழைய தரை மேலேயே பதித்தால் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார். என்ன செய்வது?

தரையில் ஒரு பவானி ஜமக்காளம் விரியுங்கள், அறையே மாறிவிடும். ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக நிறம் இருப்பதால் மெத்தை உறைகள் வெறும் ஒற்றை நிறமாக இருக்கட்டும். ஜன்னலில் ஏற்கெனவே திரை மாட்டும் கம்பி இருந்தால், திரையை ஜன்னலோடு நிறுத்தாமல் தரை வரை தைத்துப் போடுங்கள். கைத்தறித் துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள், சுருங்கும்.

கேள்வி: வெளியே எந்தச் சாமானும் தெரியக் கூடாது என்கிறார் டிசைனர். அம்மாவோ மாத்திரை, செய்தித்தாள், கண்ணாடி, சொம்பு எல்லாம் பக்கத்திலேயே வேண்டும் என்கிறார்.

அம்மா சொல்வதுதான் சரி. அவர் நாள் முழுக்க அந்த நாற்காலியில் இருக்கிறார். எழுந்து போய் அலமாரியைத் திறந்துதான் மாத்திரை எடுக்க வேண்டும் என்றால் அந்த வீடு அவருக்கானது இல்லை. நாற்காலிக்கு அருகே, கை வைக்கும் உயரத்தில், கீழே தட்டு உள்ள சின்ன மர முக்காலி ஒன்று வையுங்கள். மேலே விளிம்புள்ள ஒரு தட்டில் மாத்திரையும் கண்ணாடியும், கீழே செய்தித்தாள். சாமான் கண்ணில் படுவதில் தவறில்லை, இடமில்லாமல் சிதறிக் கிடப்பதுதான் கண்ணை உறுத்துகிறது. நாற்காலியும் உட்காரும் பலகை 17, 18 அங்குல உயரத்தில், கைப்பிடியோடு இருக்கட்டும். புதைந்துபோகிற சோபாவிலிருந்து முழங்கால் வலிக்காரர்கள் எழுவது பெரும்பாடு.

கேள்வி: சமையலறைக்கு எந்த ப்ளைவுட்?

ஐஎஸ் 710 முத்திரை உள்ளது, அதாவது தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட். ஹால், படுக்கையறை அலமாரிகளுக்கு சாதாரணப் புழக்கத்துக்கான ஐஎஸ் 303 போதும். மேலே ஒட்டும் லேமினேட் பளபளப்பு இல்லாததாக இருக்கட்டும். கைரேகையும் குறைவாகத் தெரியும், விளக்கும் அதில் கூசாது.