சாணிக்குக் காசு கொடுக்கும் ஊரில் முனைவர் ஆய்வு

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். செப்டம்பரில் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு தொடங்குகிறாராம். ஹெல்டர்லாந்து மாகாணத்துக் கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகள் சுற்றுச்சூழல் விதிகளால் எப்படி மாறுகின்றன என்பது தலைப்பு. "அக்கா, அங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்களாமே, நாலு வருஷத்துக்காக டச்சு படிக்கணுமா? சம்பளம் போதுமா? சாப்பாடு எப்படி? அப்பா வேற, 'அந்த ஊர் விவசாயிக்கு நீ போய் என்னடா சொல்லப் போற'ன்னு கேக்குறார்." இவ்வளவுதான் கேள்வி.

தம்பி, சம்பளத்தையும் சாப்பாட்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது பணி ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பணி ஒப்பந்தம் என்றால் இங்கே நீங்கள் மாணவர் இல்லை, ஊழியர். முதல் வருடம் பிடித்தம் போகுமுன் மாதம் 3,000 யூரோவை ஒட்டி வரும். அது போக மே மாதம் விடுமுறைப் பணம் 8 சதவீதம், டிசம்பரில் ஆண்டிறுதிப் பணம் 8.3 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான '30 சதவீத' வரிச்சலுகைக்கு வேலையில் சேர்ந்த 4 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். தாமதித்தால் போன மாதங்களுக்குக் கிடைக்காது. மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதற்கும் 4 மாதம்தான் கெடு. ஒரு ஆளுக்கு நன்றாகவே போதும்.

தலைவலி வீடுதான். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 2011ல் நான் ஒரு மாத வாடகையை அப்படித்தான் தொலைத்தேன். சாவி கொடுப்பதாகச் சொன்ன ஆள் கடைசிவரை வரவே இல்லை. அப்புறம், அந்த முகவரியில் நகராட்சியில் பதிவு செய்ய விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு இல்லாமல் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் அடையாள எண் வராது, அந்த எண் இல்லாமல் சம்பளத்திலிருந்து காப்பீடு வரை எல்லாம் இழுக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மதியம் எல்லாரும் ரொட்டியும் சீஸும் வைத்து உட்காருவார்கள், நீங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 'கார்னமெல்க்' என்று பெட்டியில் விற்பது நம்ம மோர்தான். உப்பும் பெருங்காயமும் போட்டுக்கொள்ளுங்கள். 'டோக்கோ' என்று எழுதிய கடைகள் இந்தோனேசிய, சூரினாம்காரர்களுடையவை. பாகற்காய், வெண்டை, காராமணி எல்லாம் அங்கே கிடைக்கும். குளிரைவிடக் காற்றும் மழையும்தான் படுத்தும். நல்ல மழைச் சட்டை இங்கே வந்து வாங்குங்கள், அங்கிருந்து தூக்கி வராதீர்கள்.

சரி, டச்சு. படிக்கத்தான் வேண்டும். அதுவும் முதல் வருடமே.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. பல்கலைக்கழகத்தில் எல்லாமே ஆங்கிலம்தான், ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதலாம். கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், உங்கள் விவசாயிகள் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். அதனால்தான் நானும் ஏமாந்தேன். 2012ல் ஆங்கிலத்தை மட்டும் நம்பி பதினோரு பண்ணைகளுக்குப் போய்ப் பேட்டி எடுத்தேன். மரியாதையாக உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் சொன்னார்கள். ஏறக்குறைய 40 நிமிடப் பேச்சு, எழுதி எடுத்தால் இரண்டு பக்கம். தன் கடனைப் பற்றி, மகன் தொழிலுக்கு வருவானா என்பது பற்றி, பக்கத்துப் பண்ணைக்காரன் விற்றுவிட்டுப் போனது பற்றி எவரும் அந்நிய மொழியில் பேசுவதில்லை. நாமும்தான் பேசமாட்டோம். முதல் வருட முடிவில் 'தொடரலாமா, வேண்டாமா' என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது கையில் இருந்ததை வைத்து ஒரு அத்தியாயம்கூடத் தேறாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மதிப்பீட்டில் எப்படியோ தப்பித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க மாலை வகுப்பு, சனிக்கிழமை நூலகத்தில் 'மொழிக் கஃபே'. அங்கே ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் உட்கார்ந்து நம்மோடு சும்மா பேசுவார்கள். வசந்தத்தில் பார்னவெல்ட் பக்கம் ஒரு பண்ணைக்கு அரைகுறை டச்சோடு மறுபடி போனேன். அந்த வட்டாரத்தை ஹெல்டர்ஸ பள்ளத்தாக்கு என்பார்கள். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர் பார்னவெல்ட். முட்டைக்கோழியும் கன்றுகளும் வைத்திருந்த அறுபது வயதுக்காரர். சமையலறை மேசையில் உட்கார வைத்தார். கேள்வித்தாளை எடுத்தேன், இலக்கணம் உதைத்தது, பாதியில் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, "உன் அப்பா என்ன வைத்திருக்கிறார்?" என்று கேட்டார்.

நெல் என்றேன். உரத்துக்கு என்ன செய்வீர்கள் என்றார். ஆட்டுக்கிடையைப் பற்றிச் சொன்னேன். திருத்துறைப்பூண்டியில் எங்கள் வயலுக்கு அறுவடை முடிந்த கோடையில் ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டி வருவார்கள், ராத்திரி வயலிலேயே அடைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் போகும், அதற்கு நாங்கள் காசோ நெல்லோ கொடுப்போம் என்று. மனுஷர் எழுந்தே விட்டார். "ஆட்டைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பீர்களா? நான் சாணியை எடுத்துப் போகச் சொல்லிக் காசு கொடுக்கிறேன்!" மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு முறை சொல்ல வைத்தார். அப்புறம், "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் அடுத்த வாரம் சொன்னேன். அடுத்த வாரமும் கூப்பிட்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஆய்வின் நடுப்பகுதியே அந்தச் சாணிதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பள்ளத்தாக்குக்குக் கிழக்கே வேலுவ என்ற மணற்பாங்கான காடும் புதர்நிலமும் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் 'ஹெய்டெ' செடி பூத்து ஊரே ஊதாவாகிவிடும். இதை எல்லாரும் இயற்கை என்கிறார்கள். உண்மையில் அது விவசாயி செய்த நிலம். மணல்பூமியில் உரம் கிடையாது. அதனால் பகலில் ஆட்டைப் புதரில் மேய்ப்பார்கள், இரவில் பள்ளமாகத் தோண்டிய தொழுவத்தில் அடைப்பார்கள். புதரின் மேல்மண்ணை வேரோடு சீவி வந்து தொழுவத்தில் பரப்பி, புழுக்கை ஊறியதும் கம்பு மாதிரியான 'ரை' பயிருக்குப் போடுவார்கள். நூற்றாண்டுக் கணக்கில் போட்டுப் போட்டு, சில வயல்கள் ஒரு மீட்டர்வரை உயர்ந்திருக்கின்றன. நம்ம கிடை மாதிரியேதான், கூரை மட்டும் கூடுதல்.

பிறகு ரசாயன உரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் வந்த 1944-45 பட்டினிக் குளிர்காலத்துக்குப் பிறகு, இனி ஒருபோதும் பசி வரக்கூடாது என்று சிக்கோ மான்சோல்ட் வேளாண் அமைச்சராக இருந்து உற்பத்தியைப் பெருக்கினார். நிலம் குறைவான சிறு பண்ணைகள் கோழிக்கும் பன்றிக்கும் மாறின. தீவனம் ரோட்டர்டாம் துறைமுகத்தில் வந்து இறங்கியது, அதில் சோயா பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டில் இன்று ஏறக்குறைய 10 கோடிக் கோழிகள், ஒரு கோடியை ஒட்டிப் பன்றிகள். தீவனம் கடல் தாண்டி வருகிறது, இறைச்சியும் முட்டையும் வெளிநாடு போகின்றன, சாணி இங்கேயே தங்கிவிடுகிறது. மூத்திரமும் சாணியும் கலந்தால் அம்மோனியா கிளம்பும். தென்மேற்குக் காற்று அதை நேராக வேலுவவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நைட்ரஜன் கூடினால் புல் செழித்து ஹெய்டெயை மூடிவிடும், மண் புளித்துச் சுண்ணாம்புச் சத்து கரைந்து போகும். வேலுவவில் சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு பறவையின் குஞ்சுகள் கூட்டிலேயே கால் முறிந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள், எலும்புக்குக் கால்சியம் இல்லாமல். இன்று நைட்ரஜனை அகற்றுவதற்காக அதே புதரின் மேல்மண்ணை இயந்திரம் வைத்துச் சீவுகிறார்கள். ஒரு காலத்தில் உரத்துக்காகச் சீவிய மண்.

நைட்ரஜனுக்கு டச்சில் 'ஸ்டிக்ஸ்டோஃப்' என்று பெயர், பிரித்தால் 'மூச்சு முட்டவைக்கும் பொருள்'. இந்தச் சொல்லை எடுத்தாலே பண்ணையில் முகம் மாறும். ஏன் என்று தெரிந்துகொண்டு போங்கள். 2015 முதல் அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. குறைந்த அளவு நைட்ரஜன் வெளியிடுகிறவர்கள் தகவல் சொன்னால் போதும், அனுமதி வேண்டாம் என்றார்கள். 29 மே 2019 அன்று உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லாது என்றது. நேற்றுவரை சட்டப்படி நடந்தவர்கள் ஒரே நாளில் அனுமதி இல்லாதவர்கள் ஆனார்கள். அந்த அக்டோபர் முதல் தேதி விவசாயிகளின் டிராக்டர்கள் அரசு இருக்கும் ஹேக் நகருக்குப் போராடப் போயின. 2022 ஜூனில் எந்தப் பகுதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று வரைபடம் வந்தது. சில இடங்களில் 95 சதவீதம். வழியெங்கும் தேசியக்கொடி தலைகீழாகத் தொங்கியது. 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் நாலு வயதுகூட ஆகாத விவசாயிகள் கட்சி முதலிடத்துக்கு வந்தது. அந்த ஜூலையில், கால்நடைப் பண்ணையை விரும்பி மூடுகிறவர்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். காலொடிந்த குஞ்சும் உண்மை, ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் விவசாயியும் உண்மை. நான் இரண்டையும் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவேன். 'நடுநிலை ஆய்வாளர்' என்று மழுப்பினால் காபியோடு அனுப்பிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதவரைக்கூட இவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மழுப்புகிறவரை மட்டும் மாட்டார்கள். நான் இங்கே வந்து கற்றதில் எனக்குப் பிடித்ததும் இதுதான். நம்ம ஊரில் இதே பேச்சு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு கூட்டத்தில் என் கட்டுரையை 'இது பலவீனம்' என்று சொன்னதற்கு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். சொன்னவர் மறுநாள் கேக் கொண்டுவந்தார், எதுவும் நடக்காத மாதிரி.

போகும் நேரமும் முக்கியம். பண்ணை முற்றத்துக்கு வந்து போகும் கால்நடை மருத்துவர், தீவன விற்பனையாளர், ஆலோசகர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறார்கள், 'முற்றம் மிதிப்பவர்' என்று. நீங்களும் அந்த வரிசையில் ஒருவர்தான். சொல்லாமல் போகாதீர்கள். காலை பத்து மணிக் காபிக்குப் போவது நல்லது. கறவை நேரத்தில் வேண்டாம். ரோபோ கறக்கும் பண்ணை என்றால் கொஞ்சம் தாராளம். ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்தில் தொலைபேசிகூடச் செய்யாதீர்கள், பக்தியான சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் அதிகம். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னால் அது பெரிய விஷயம். முன்னும் பின்னும் ஜெபம், சாப்பிட்டு முடித்ததும் அப்பா வேதாகமத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பார். அசையாமல் உட்கார்ந்திருங்கள், ஒலிப்பதிவை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நான் ஒரு முறை மறந்து சங்கீதம் 23ஐப் பதிவு செய்துவிட்டேன்.

நாலு வருடத்தில் திரும்பத்தான் போகிறேன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். முடித்த பிறகு வேலை தேட ஒரு வருட அனுமதி தருவார்கள், ஐந்து வருடம் ஆனால் குடியுரிமைக்கு இப்போதைக்கு ஏ2 நிலை டச்சு கேட்கிறார்கள். அதை இப்போது யோசிக்க வேண்டாம், படித்து வைத்த மொழி வீணாகாது என்பதற்காகச் சொன்னேன்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம், 'நான் எதுவும் சொல்லப் போவதில்லை, கேட்கப் போகிறேன்' என்று சொல்லுங்கள். வாகெனிங்கனில் ஆய்வேட்டோடு சில கூற்றுகளையும் அச்சிட்டு, அரங்கில் அவற்றுக்காக வாதாட வேண்டும். என்னுடையதில் ஒன்று கிடையைப் பற்றியது. தேர்வாளர் ஒருவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். நேரம் முடிந்து கோலைத் தட்டிக்கொண்டு 'ஹோரா எஸ்ட்', அதாவது 'நேரமாகிவிட்டது' என்று சொல்லும் பல்கலைக்கழகப் பெண் அலுவலர் உள்ளே வந்தபோதும் நான் கீதாரிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் பார்னவெல்ட்காரர் கோட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வாகெனிங்கனில் ரயில் நிலையம் கிடையாது. ஏடெ-வாகெனிங்கன் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். நான் ஏடெயில்தான் இருக்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வந்தால் சைக்கிளில் ஹெய்டெ பார்க்கப் போகலாம், அதற்குப் பிறகு பூ இருக்காது. வருமுன் உங்கள் ஊரில் இந்த வருடம் கிடைக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பது பழைய விலை.