பனியில் வழுக்கும் ஹேண்டில்பார் டேப்: கோத்தகிரி நண்பருக்கு

வணக்கம்ங்க. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு சைக்கிள்ல இறங்கும்போது ஹேண்டில்பார்ல சுத்தின டேப் வழுக்குது, உள்ளங்கை மரத்துப்போகுது, பிரேக் லீவர் பக்கத்துல பிரிஞ்சும் வருதுன்னு எழுதியிருந்தீங்க. நான் குன்னூர், அதே பனி, அதே தொல்லை.

கார்க் டேப்னு விக்கிறதுல பெரும்பாலும் ஃபோம்தான், கார்க் துகள் கொஞ்சம் கலந்திருக்கும். கைக்கு மெத்துன்னு இருக்கும், வேர்வையை உறிஞ்சும், ஆனா இழுத்துச் சுத்தினா சட்டுனு கிழியும். நம்ம ஊர் ஈரத்துக்கு நான் பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் வகை டேப்தான் சொல்லுவேன். நனைஞ்சாலும் பிடி விடாது. 3 மில்லிமீட்டர் தடிமன் எடுங்க, அதிர்வு குறையும். உங்க கை சின்னதுன்னா 2.5 போதும், ஹேண்டில்பார் ரொம்பப் பருத்தா பிடிக்கிறதே சிரமம். வெள்ளை மட்டும் வேண்டாம், ஒரே மழையில தேயிலைத் தோட்டத்துச் செம்மண் நிறமாயிடும்!

பிரியறதுக்குக் காரணம் அநேகமா சுத்தின விதம். உங்க டேப் மேலிருந்து கீழே சுத்தியிருக்கான்னு பாருங்க. அப்படின்னா ஒவ்வொரு மடிப்போட விளிம்பும் மேல பார்த்து நிக்கும், கை அழுத்த அழுத்த உரியும். பழைய பசையைச் சுரண்டித் துடைச்சுட்டு, ஹேண்டில்பாரோட கீழ் முனையில ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல மூணுல ஒரு பங்கு ஏறுற மாதிரி, விடாம இழுத்துப் பிடிச்சுச் சுத்துங்க. லீவருக்குப் பின்னாடி ஒரு துண்டு தனியா ஒட்டிக்கணும். கடைசி முனைக்கு எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப்.

கை மரத்துப்போறதுக்கு டேப் மட்டும் காரணமில்லைங்க. டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, வளைவுக்கு வளைவு பிடிக்கிற இடத்தையும் மாத்துங்க.