ரோந்து வண்டியும் வீட்டு வண்டியும்: கேள்வி பதில்

கேள்வி (ராமநாதபுரம்): அண்ணே, ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) நிக்குற ரோந்து பொலிரோவும் எங்க வீட்டு பொலிரோவும் ஒண்ணுதானா? போலீஸ் வண்டி இன்ஜின் தனின்னு சொல்றாங்களே?

பதில்: இன்ஜின் ஒன்றுதான் தம்பி. ஷோரூமில் கிடைக்கும் அதே 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல். சேஸிஸ், கியர்பாக்ஸ், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் எல்லாம் அதேதான். வண்டி வந்த பிறகு மேலே விளக்குப் பட்டை, சைரன், மைக், வயர்லெஸ், ஜிபிஎஸ், சில வண்டிகளில் கேமரா என்று ஏற்றுகிறார்கள். ஆக, மாறுவது கரண்ட் செலவும் ஓட்டும் விதமும். வீட்டு வண்டி நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். ரோந்து வண்டியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் டிரைவர் மாறுவார், வண்டி மாறாது. அதில் வரும் பல கோளாறுகள் இந்த ஓயாத உழைப்பால் வருவதுதான்.

கேள்வி (பரமக்குடி): அமெரிக்கப் படத்துல வர்ற போலீஸ் காரும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அங்கே கம்பெனியே போலீசுக்கென்று தனியாகச் செய்து கொடுக்கிறது. நீங்கள் படங்களில் பார்த்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 2011-ல் நின்றுபோனது. இப்போது அதிகம் தெரிவது எக்ஸ்ப்ளோரர் அடிப்படையில் செய்த போலீஸ் இன்டர்செப்டர் யுட்டிலிட்டி. இன்ஜின் ஆயிலுக்குத் தனி கூலர், பெரிய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோ), கனமான பிரேக், அலாய்க்குப் பதில் இரும்பு வீல் என்று வித்தியாசம் உள்ளேயிருந்து தொடங்குகிறது. நடுவில் ரேடியோவும் கம்ப்யூட்டரும் வைக்க இடம் வேண்டும் என்பதால் கியர் லிவரை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றியிருப்பார்கள். முன் சீட்டின் பக்கவாட்டு மேடு, இடுப்பு பெல்ட்டில் துப்பாக்கியோடு உட்கார வசதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். பின்சீட்டு கழுவித் துடைக்கிற மாதிரி. கைதி ஏற்றும் வண்டியில் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் இன்னொரு வண்டி மோதுவதைக் கணக்கில் வைத்து அதை வடிவமைத்திருப்பது. ரோந்து வண்டி துரத்தும்போது மட்டும் இல்லை, சாலை ஓரம் நிற்கும்போதும் அடிபடும். இரவில் மீன் லாரி பறக்கிற ஈசிஆரில் நிற்கும் வண்டிக்கும் அதே ஆபத்துதான். நம் வண்டிகளில் அந்தப் பின்பலம் கிடையாது. அதனால் பின்னால் 30, 40 மீட்டர் தள்ளிக் கூம்பு வைப்பதும், பின்கதவில் ஒளிரும் ஸ்டிக்கரை அழுக்கில்லாமல் வைப்பதும், நிற்கும் வண்டிக்குள் பின்சீட்டில் ஆள் தூங்காமல் இருப்பதும் கட்டாயம்.

கேள்வி (ராமேஸ்வரம்): டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். ஏசி போட்டு அக்னி தீர்த்தத்துக்கிட்ட மணிக்கணக்குல நிக்கும். கிலோமீட்டர் பாத்து ஆயில் மாத்துறது போதாதா?

பதில்: போதாது. ரோந்து வண்டிக்கு உள்ள அதே நோய் உங்கள் வண்டிக்கும் உண்டு. ஒரு மணி நேரம் ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓட, நிற்பது 33 மைல், சுமார் 53 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்று ஃபோர்டு கணக்குச் சொல்கிறது. நாளுக்கு ஆறு மணி நேரம் நின்றால் 318 கிலோமீட்டர். மீட்டரில் அது ஏறவே ஏறாது. அமெரிக்கப் போலீஸ் வண்டியில் இதற்கென்றே ஐடில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. நம்மிடம் இல்லாததால் ஒரு நோட்டில் நின்ற நேரத்தை எழுதி வையுங்கள். கூட்டிப் பார்த்து ஆயில் மாற்றுங்கள்.

ஐடிலில் டீசல் முழுதாக எரியாது. கரி ஆயிலில் கலக்கும், எரியாத டீசலும் கொஞ்சம் இறங்கும். ஆயில் பிரஷரும் அப்போது குறைவு. பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டி என்றால் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்து அணைத்து ஓட்டாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் பக்கமாக, 2,000 ஆர்பிஎம் குறையாமல், 20 நிமிடமாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். உள்ளே சூடேறிக் கரி எரிந்துவிடும். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை இன்னும் அதிகமாக அடைக்கும்.

கேள்வி (மண்டபம், எலக்ட்ரீஷியன்): இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா பேட்டரி இறங்குதுன்னு ஒரு வண்டி வந்திருக்கு. ஆல்டர்னேட்டர் செக் பண்ணேன், நல்லாதான் இருக்கு.

பதில்: ரோந்து வண்டியின் ஆதாரப் பிரச்சினையே இதுதான். கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் இரண்டும் 10 ஆம்பியர். ஏசி ப்ளோயரும் கிளட்ச்சும் 15 முதல் 20. எல்இடி விளக்குப் பட்டை 8. நூறு வாட் சைரன் ஒலிக்கும்போது 8 முதல் 10. 25 வாட் வயர்லெஸ் பேசும்போது 6. ஜிபிஎஸ், கேமரா, சார்ஜர் எல்லாம் சேர்ந்து 4. ஆக 50-ஐத் தாண்டுகிறது. 90 ஆம்பியர் என்று எழுதிய ஆல்டர்னேட்டர், சூடான பிறகு ஐடிலில் பாதிதான் கொடுக்கும். மிச்சத்தை பேட்டரி ஈடுகட்டும். விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்காது. குற்றம் ஆல்டர்னேட்டர்மேல் விழும்.

செய்ய வேண்டியது: நிற்கும்போது ஹெட்லைட்டை பார்க்கிங் லைட்டுக்கு இறக்கச் சொல்லுங்கள், ரேஸை 1,100 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். கூடுதல் சாமான்களுக்கு 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாகத் துண்டிக்கிற கட்-ஆஃப் ரிலே போடுங்கள். மேலே போகும் மெயின் வயரை 2.5 ஸ்கொயரில் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) இழுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஐந்து மீட்டரில் 25 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 6 ஸ்கொயர் போட்டால் அதில் பாதிகூட வராது. ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே இருக்க வேண்டும், டேஷ்போர்டுக்கு அடியில் இல்லை.

அடுத்து எர்த். நம் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். எல்லாம் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டில் உப்பு பூத்திருக்கிறது. கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

வயர்லெஸ்ஸில் ரேஸ் கொடுக்கக் கொடுக்க இரைச்சல் கூடினால், செட்டுக்கு வேறு சாமானோடு சேர்த்து சப்ளை எடுத்திருக்கிறார்கள். நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். விளக்குப் பட்டையைப் போட்டதும் மட்டும் இரைந்தால் மலிவான எல்இடி டிரைவர். ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். விஎச்எஃப் ஆன்டெனா ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், கூரை நடுவில் இருந்தால்தான் நாலு பக்கமும் சமமாகக் கேட்கும். அந்தத் துளையைச் சுற்றி சிலிக்கோன் விட்டுப்போனால் ஒரே மழைக்காலத்தில் கூரை துருப்பிடிக்கும்.

கேள்வி (தனுஷ்கோடி): கடல் ஓரம் ஓடுற வண்டிய எப்படிக் காப்பாத்துறது? மணல்ல சிக்குனா என்ன செய்ய?

பதில்: அரிச்சல்முனை ரோட்டில் போய் வந்த வண்டியை அன்றே அடியில் கழுவுங்கள். எந்தத் தண்ணீரில் என்பதுதான் விஷயம். நம் பக்கம் பல ஊரில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். வாயில் வைத்துப் பார்த்துக் கரிக்காத தண்ணீர் வேண்டும். லீஃப் ஸ்பிரிங் இடுக்கு, சேஸிஸ் ஓட்டைகள், விளக்குப் பட்டை கூரையில் உட்காரும் கால்கள், இந்த மூன்றிலும் பீய்ச்சி அடியுங்கள். கழிவு ஆயிலை அடியில் அடிக்கிற வழக்கம் உண்டு. ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் டிரம்மிலும் பட்டால் அதுவே கேடு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அச்சு வரை இறங்கிவிடும். டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, பனை மட்டை கொடுத்து, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது, டயர் கிழியும்.

கேள்வி (கீழக்கரை): மச்சான் துபாய்ல இருக்காரு. அங்க லம்போர்கினியே போலீஸ் காராமே?

பதில்: உண்மைதான். 2013-ல் லம்போர்கினி அவென்டடோர் சேர்ந்தது, பிறகு மணிக்கு 407 கிலோமீட்டர் போகும் புகாட்டி வேரோனும் வந்தது. சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில் மக்களோடு பழகத்தான் அவை. அன்றாட ரோந்துக்குச் சாதாரண வண்டிகள்தான்.

கேள்வி (சாயல்குடி): வேகமான வண்டியில தப்பிச்சா பொலிரோ எப்படிப் புடிக்கும்?

பதில்: துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை தம்பி. உயரமான வண்டி, கூரையில் பாரம், உள்ளே ஐந்து பேர். நூறைத் தாண்டி வளைவில் திருப்பினால் கவிழும். வயர்லெஸ்தான் வழி. உதாரணத்துக்கு, ராமேஸ்வரம் தீவிலிருந்து ரோட்டில் வெளியேற 1988-ல் திறந்த பாம்பன் பாலம் ஒன்றுதான் உண்டு. பாலத்தின் மறுகரையில் உள்ள மண்டபத்துக்குச் சொன்னால் போதும்.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, 112 போட்டா எந்த வண்டி வரும்? வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர்.

பதில்: கட்டுப்பாட்டு அறையிலிருந்து பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத் தகவல் போகும் தங்கச்சி. ஜிபிஎஸ் அதற்குத்தான். நீங்கள் ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, படகுத்துறை ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் அவர் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): என் ஜீப்புல நீல லைட்டும் சைரனும் மாட்டலாமா?

பதில்: கூடாது. பல ஒலி சைரன் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற வண்டிகளுக்கு மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சைரன் கேட்டதும் ஜனங்கள் ஒதுங்குவது அந்த நம்பிக்கையில்தான். ஆளுக்கொரு சைரன் மாட்டினால் நாளைக்கு உண்மையான ஆம்புலன்சுக்கு வழிவிட ஆள் இருக்காது.

கேள்வி (தேவிபட்டினம்): ஆயுதப்படை மைதானத்துல போலீஸ் வண்டி ஏலம் விடுறாங்க. வாங்கலாமா?

பதில்: முதலில் அது எந்த வண்டி என்று கேளுங்கள். மதுவிலக்கு வழக்கில் பிடித்த தனியார் வண்டியும் அதே போல ஏலத்துக்கு வரும். துறையில் ஓடிக் கழித்த வண்டி என்றால் பதிவுத் தேதியைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவு புதுப்பிப்பு இல்லை. அது உடைப்புக்குத்தான் போகும், ரோட்டில் ஓட்ட முடியாது. ஏலத் தொகையோடு ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மனதில் வைத்து விலை கேளுங்கள்.

ஓட்டக்கூடிய வண்டி என்றால் மீட்டரை நம்பாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது புகை அடித்துக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரமும் கிளட்ச் பெடல் ரப்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது உண்மையான வயதைச் சொல்லும். தரை ரப்பரைத் தூக்கித் தகட்டிலும், அடியில் குனிந்து சேஸிஸ் பின் வளைவிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். கூரையில் அடைக்காத துளைகள், டேஷ்போர்டுக்கு அடியில் வெட்டி விட்ட வயர்கள் கட்டாயம் இருக்கும். முழு வயரிங்கும் புதிதாகப் போடும் செலவைக் கழித்துவிட்டு விலை கேளுங்கள். நிறம், எழுத்து எல்லாவற்றையும் அழித்து, ஆர்டிஓவில் பெயர் மாற்றிய பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும்.