பாறை ஏறும்போது சின்னப் பிள்ளைகளைக் கீழே தனியாக விடலாமா?

கேள்வி கேட்டவர் விடுமுறைக்கு ஒரு பாறைப் பக்கம் போயிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருக்க, மூன்று வயது மதிக்கத்தக்க குழந்தை ஒன்று கீழே தனியாக மண்ணில் விளையாடிக்கொண்டிருந்ததாம். இப்படி விடலாமா, பார்த்தால் முன்பின் தெரியாத நாம் போய்ச் சொல்லலாமா, சட்டப்படி புகார் செய்யலாமா என்று கேட்கிறார்.

விடக் கூடாது. சொல்லத்தான் வேண்டும். இப்படிப் பளிச்சென்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், அந்தத் தப்பைச் செய்த அம்மா நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் வயலிலும் தமிழ்தான். நானும் என் கணவரும் பெங்களூரில் வேலை பார்த்தபோது கண்டீரவா மைதானத்தில் இருக்கும் ஏறுசுவரில் பழகினோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநகரப் பாறைகளுக்குப் போவோம். மகள் பிறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டோம். இங்கே எல்லையை ஒட்டி, பனைமரங்களுக்கு நடுவே ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று, இருக்கிறது. தோட்டக்காரரிடம் கேட்டு, நண்பர்களோடு சேர்ந்து அதில் ஏறுவதற்கு நான்கைந்து தடங்களில், கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்திருந்தோம். பதினைந்து மீட்டர் உயரம் இருக்கும். வீட்டிலிருந்து வண்டியில் இருபது நிமிடம். 'நம்ம கரடு' என்றே பேசிப் பழகிவிட்டோம். பழகின இடம் என்கிற அந்த நினைப்புதான் எங்களை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

அது 2019 தை மாதம். மகளுக்கு நான்கு வயது. கூட என் அண்ணன் மகன், அவனுக்கு ஆறு. வேப்பமரத்தடியில் பாய் விரித்து, முறுக்கு டப்பா, தண்ணீர் பாட்டில், இரண்டு பொம்மை லாரி எல்லாம் வைத்துக்கொடுத்தேன். "பாப்பாவைப் பாத்துக்கோ கண்ணு, மாமா இறங்கினதும் எல்லாரும் போலாம்" என்றேன். அவனும் தலையாட்டினான். பாய்க்கும் நான் நின்ற இடத்துக்கும் பதினைந்து இருபது அடி. கண்ணுக்கு எதிரே இருக்கிறார்கள், இதில் என்ன வரப் போகிறது என்று நினைத்தேன்.

பாறை ஏறாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கயிறு கட்டி ஒருவர் ஏறும்போது கீழே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிலே என்பார்கள். கயிறு இடுப்புப் பட்டையில் மாட்டிய கருவி வழியாக ஓடும். கயிற்றின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் கைதான் பிரேக். ஏறுகிறவர் தரைக்கு வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவே கூடாது. தானாகவே இறுக்கிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன, க்ரிக்ரி மாதிரி. அதைப் பயன்படுத்தினாலும் கை கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணும் மேலேதான் இருக்க வேண்டும். ஏறுகிறவர் கேட்கும்போது கயிறு விட வேண்டும், இழுக்க வேண்டும், விழுந்தால் தாங்க வேண்டும்.

அதனால் கயிறு பிடிக்கும் அம்மா, பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாலும் பிள்ளையிடம் இல்லை. வீட்டில் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது பிள்ளை அழுதால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடலாம். கயிற்றை அப்படி விட்டுவிட்டு ஓட முடியாது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு கயிறு என்றால் அங்கே குழந்தையைப் பார்க்க ஆளே கிடையாது. ஒருவர் மேலே, ஒருவர் கயிற்றில். இந்தக் கணக்கு எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

அன்று என் கணவர் பத்து மீட்டருக்கு மேல் ஏறி, கடைசியாகக் கயிறு மாட்டிய போல்ட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் போயிருந்தார். தை மாதத்தில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கார்த்திகையில் ஆரம்பிக்கும், மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கே இருந்து நுழைந்து, பனை ஓலையெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். பத்து மீட்டர் மேலே இருப்பவருக்கு நான் கத்துவது கேட்காது. இருபது அடி தள்ளி இருக்கும் பிள்ளை கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். பாயில் அண்ணன் மகன் மட்டும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பாப்பா எங்கடா?"

"ஆட்டுக்குட்டி பாக்கப் போச்சு அத்தை."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். கரட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினான். கரட்டுக்குப் பின்னால் பழைய கல்லுக்குழி. கல் உடைப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஓரம் சரிவாக இருக்காது. உடைத்த பாறை அப்படியே செங்குத்தாக இறங்கும், ஒரு பக்கம் மட்டும் லாரி இறங்கிய மண் பாதை.

என் கை கயிற்றில். அவர் மேலே. அந்த நேரத்தில் நான் கயிற்றை விட்டிருந்தால் அவர் தவறினால் தரைக்குத்தான் வருவார். அவர் இருந்த இடத்திலிருந்து அப்படியே இறக்கவும் முடியாது. போல்ட்டுக்கு மேலே இருக்கிறவரை இழுத்தால் விழத்தான் செய்வார், அதுவும் நாலு மீட்டருக்குக் குறையாது. ஒன்று அடுத்த போல்ட்வரை ஏற வேண்டும், அல்லது முந்தைய போல்ட்டுக்கு நிதானமாகக் கால் வைத்து இறங்க வேண்டும். "ஏனுங்க, இறங்குங்க! இறங்குங்க!" என்று கத்தினேன். பாப்பாவைக் காணோம் என்று சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கால் நடுங்கும், அங்கேயே போய்விடும் எல்லாம். அவருக்குக் காற்றில் பாதிதான் கேட்டது. கயிறு போதவில்லை என்று நினைத்து, "கொஞ்சம் விடு" என்றார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் அடுத்த போல்ட்டில் கயிறு மாட்டி, நான் இறக்கி, அவர் கால் தரையில் படும்வரை நான்கு நிமிடம் ஆகியிருக்கும். நான்கு நிமிடம் நான் மரம் மாதிரி நின்றேன். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கூப்பாடு போடாது, சத்தமே வராது என்று படித்தது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

அவர் கால் தரையைத் தொட்டதும் நான் முடிச்சு அவிழ்க்கக்கூட முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி கரட்டைச் சுற்றி வந்தார். ஒரு கையில் தொரட்டி, இன்னொரு கையில் என் மகள். முழங்கால்வரை ஈரம். பாவாடை ஓரத்தில் செம்மண். கையில் ஒரு வேப்பங்கொத்து, ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கப் பறித்தது. மண் பாதையில் தண்ணீர் ஓரம்வரை போய் நின்றிருக்கிறாள்.

பாட்டி திட்டவில்லை. கயிற்றையும் எங்களையும் ஒரு முறை பார்த்தார். "ஏனுங்கம்மிணி, தொழிலுறப்பு வேலைக்குப் போனாக்கூட புள்ளைகளப் பாக்கன்னு ஒருத்திய உக்கார வெப்போம். நீங்க ரெண்டு பேரும் கயித்தப் புடிச்சுட்டு நின்னா புள்ளைய யாரு பாக்கறது?" என்றார். நான் அப்போதுதான் வலது உள்ளங்கையைப் பார்த்தேன். கயிற்றின் முறுக்கு அப்படியே தோலில் பதிந்து சிவந்திருந்தது.

தொழிலுறப்பு என்பது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்கிறார்களே, அதேதான். பாட்டி சொன்னதை அப்புறம் தேடிப் படித்தேன். அந்த 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்திலேயே இருந்தது. வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்க்க அமர்த்த வேண்டும், அவருக்கும் மற்றவர்களைப் போலவே கூலி கொடுக்க வேண்டும் என்று. பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு வேலை, அதைச் செய்பவர் கூடவே மண்வெட்டியும் பிடிக்க முடியாது என்று வரப்பு வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொழுதுபோக்குக்குப் பாறை ஏறப் போன எங்களுக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். குழந்தை வந்தால் மூன்றாவது ஆள் வர வேண்டும். அந்த ஆள் அன்று பட்டை மாட்டவே கூடாது. 'நடுவில் நானும் ஒரு தடவை ஏறிக்கிறேன்' என்று ஆரம்பித்தால் பழைய கதைதான். ஏற வேண்டுமானால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்து, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு ஏறட்டும். மூத்த பிள்ளையிடம் இளைய பிள்ளையை ஒப்படைப்பதையும் விட்டுவிட்டோம். என் அண்ணன் மகன் அன்று ராத்திரி சாப்பிடாமல் அழுதான், 'நான்தான் பாத்துக்கலை' என்று. ஆறு வயதுப் பிள்ளை தலையில் அந்தச் சுமையை வைத்தது நான். பாப்பா தொலைந்ததைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளைகளை உட்கார வைக்கும் இடமும் முக்கியம். பாறைக்கு நேர் கீழே கூடவே கூடாது. இருபது மீட்டர் மேலேயிருந்து ஒரு கல் உருண்டால் இரண்டு நொடியில் தரையில் இருக்கும், வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம். 'கல்லு!' என்று மேலேயிருந்து கத்தினால் பெரியவர்கள் பாறையோடு ஒட்டிக்கொள்வோம். குழந்தை என்ன என்று நிமிர்ந்து பார்க்கும். பாறை ஏறப் போகும் இடத்தில் கீழே இருக்கும் குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். நிழலுக்காகப் பாறை இடுக்கில் பாய் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கரடுகளில் அந்த இடுக்குதான் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் வீடு. பாறை முகப்பில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் கல் எறிவார்கள், தேனீ கிளம்பினால் மேலே கயிறு கட்டிக்கொண்டு நிற்பவர் ஓட முடியாது. பிள்ளையும் ஏற ஆசைப்பட்டால் ஏறட்டும், நல்லதுதான். ஆனால் இடுப்பெலும்பு சின்னதாக இருக்கும் வயதில் பெரியவர்களுடைய இடுப்புப் பட்டை போதாது, தலைகீழாகக் கவிழ்ந்தால் நழுவிவிடும். தோளோடு சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பட்டை, 40 கிலோவரை உள்ளவர்களுக்கென்றே தனியாக வருகிறது, அதை வாங்குங்கள்.

குழந்தையை மரத்தில் ஒரு வாரில் கட்டிவிட்டு ஏறலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். கட்டிப்போட்ட குழந்தை கல் வந்தாலும் தேனீ வந்தாலும் விலக முடியாது. கழுத்தில் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் அங்கே இல்லையே.

ஏதாவது ஆனால் உதவி சீக்கிரம் வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2022 பிப்ரவரியில் இங்கே மலம்புழா பக்கம் குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் வழுக்கிப் பாறைப் பொந்தில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். ராணுவம் வந்து கயிறு கட்டி மேலே தூக்குவதற்குள் 40 மணி நேரம் தாண்டிவிட்டது. ஊரே கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திடமான ஆள், தாக்குப்பிடித்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அந்நியரிடம் எப்படிச் சொல்வது. 'பிள்ளையை விட்டுட்டு என்ன ஏறல்' என்று கீழேயிருந்து கத்தினால் கயிறு பிடித்திருப்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், அதுவே ஆபத்து. முதலில் குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கயிறு பிடித்திருப்பவருக்குத் தெரிகிற மாதிரி, "நான் இங்கே இருக்கேங்க, நீங்க அவங்களை மெதுவா இறக்குங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கண் மேலேயே இருக்கும், படபடப்பும் கொஞ்சம் இறங்கும். இருவரும் தரைக்கு வந்த பிறகு பேசுங்கள். அந்தப் பாட்டி எனக்குச் செய்தது இதுதான்.

ராமநகரத்தில் ஒரு முறை நானே இப்படிப் போய் உட்கார்ந்தேன். இரண்டு வயதுக் குழந்தை, மடக்குத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அப்பா இறங்கியதும், "தூங்குதுன்னுதானே விட்டோம், உங்களுக்கு என்ன?" என்று கோபப்பட்டார். நான் ஒன்றும் வாதாடவில்லை, எங்கள் கல்லுக்குழிக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா பாதியிலேயே தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், என் கணவர் கயிறு பிடித்தார்.

சட்டப்படி புகார் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில், பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே குழந்தையைப் புறக்கணித்தால் மூன்று ஆண்டுவரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. உண்மையிலேயே குழந்தை ஆபத்தில் இருந்து, பெற்றோர் சொல்லியும் கேட்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். ஆனால் முதல் முறை பார்க்கும்போதே போனை எடுக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் எங்களைப் போல, பிள்ளை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது தாண்டிவிட்டது, அவளும் ஏறுகிறாள். கூட வரும் நண்பர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் பார்ப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வண்டி கிளம்பும். வர ஞாயிறு என் முறை, அதனால் பட்டையைப் பையில் எடுத்து வைக்கவில்லை.