பெட்டிக்குக் காசா, பொம்மைக்குக் காசா?

பொம்மை சேகரிக்கிற நீங்கள் இந்தத் தடவை எழுதிய கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: லூஸா (பிரித்த பொம்மையை மட்டும்) வாங்கலாமா, சீல்டா (கார்டு என்கிற அட்டையும் அதில் ஒட்டிய பபுள் என்கிற கண்ணாடி பிளாஸ்டிக் மூடியும் பிரிக்காமல்) வாங்கலாமா. எல்லோரும் ஒரே வாட்ஸப் குரூப்பில் இருக்கிறீர்களோ என்னவோ. பொம்மையின் பெயர்கூட எழுதாமல், ஓடுகிற ஆட்டோவிலிருந்து எடுத்த மாதிரி ஒரு மங்கலான படத்தை அனுப்பி "அண்ணா இது எவ்ளோ போகும்" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், பபுள் ஓரம் என்று நாலு படம் வேண்டும், பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல். போன தடவையும் இதைத்தான் சொன்னேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஒரே ஜி.ஐ. ஜோ, அமெரிக்க ராணுவ வீரர் பொம்மை. லூஸாக 800, கார்டோடு சீல்டாக 3,500 என்கிறார் விற்பவர். எதை எடுப்பது?

பதில்: விளையாட, அடுக்கி வைக்க, ஆசைக்கு என்றால் 800-ஐ எடுங்கள், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு. 1982-இல் தொடங்கிய அந்த 3¾ அங்குல ஜோக்களின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, நெஞ்சையும் இடுப்பையும் காலையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். முப்பது வருஷத்தில் ரப்பர் என்ன ஆகுமோ அதுவும் அப்படியே ஆகும், சீல் போட்டிருக்கிறது என்று காய்ந்து போகாமல் இருக்காது. பபுளுக்குள்ளேயே இடுப்பு கழன்று இரண்டு துண்டாகக் கிடக்கிற சீல்டு ஜோக்களை நானே பார்த்திருக்கிறேன். லூஸ் பீஸ் என்றால் முதுகில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, குழாய் சாமான் கடையில் அதே அளவுக்கு ஒரு ஓ-ரிங் வாங்கிப் போட்டு மூடிவிடலாம், ஐந்து பத்து ரூபாய் சமாசாரம். சீல்டில் கை வைத்தால் அப்புறம் அது சீல்டு இல்லை.

லூஸில் முதலில் பார்க்க வேண்டியது கட்டைவிரல். துப்பாக்கியை அழுத்தி மாட்டி மாட்டி முதலில் போவது அதுதான். அப்புறம் தொடைச் சந்து, முழங்கை ஸ்க்ரூ பக்கத்தில் முடி போல விரிசல், கடைசியாகத்தான் பெயின்ட்.

உங்கள் பீஸ் ஃபன்ஸ்கூல் கார்டில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 1987-இல் தொடங்கிய நம்ம ஊர்க் கம்பெனி, தலைமை அலுவலகமே சென்னைதான். ஜோவைச் செய்கிற அமெரிக்கக் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் வார்ப்பு அச்சுகளை வைத்து அவர்கள் போட்டதில் வெளிநாட்டுப் பொம்மையில் இல்லாத கலர்கள் வந்தன, அதைத் தேடி வாங்குகிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. இங்கே அச்சடித்த கார்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அப்போதும் கூடுதல் 2,700 ரூபாய் அட்டைக்குத்தான் போகிறது, பொம்மைக்கு அல்ல. அட்டை வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (ராயபுரம்): என்னிடம் உள்ள ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரின் அடியில் 1969 என்று போட்டிருக்கிறது. சீல் இல்லை. எத்தனை லட்சம் கிடைக்கும்?

பதில்: ஒரு டீ, ஒரு சமோசா கிடைக்கலாம். அது அந்த மாடலை முதலில் வடிவமைத்ததற்கான காப்புரிமை வருஷம், கார் செய்த வருஷம் அல்ல. பக்கத்திலேயே மலேசியா அல்லது தாய்லாந்து என்று இருக்கும், வாசியுங்கள். ஹாட் வீல்ஸ் 1968-இல் தொடங்கிய காலத்துக் கார்கள் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் செய்தவை. ஃபிகர்களின், அதாவது ஆள் பொம்மைகளின், முதுகிலும் தொடையிலும் உள்ள வருஷமும் இதே கதைதான்.

கேள்வி (காசிமேடு): பீரோவுக்கு மேலே வைத்திருக்கும் சீல்டு பீஸ்களில் பபுள் மஞ்சளாகிறது, கார்டு வாழைப்பட்டை மாதிரி வளைகிறது. நான் தொடுவதே இல்லையே?

பதில்: நீங்கள் தொடாவிட்டால் என்ன, கடல் காற்று தொடுகிறதே. நம்ம பக்கம் ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் துரு பிடிக்கிறது, அட்டை எம்மாத்திரம். ஈரத்தை அட்டையின் ஒரு பக்கம் அதிகமாகவும் அச்சடித்து வழுவழுப்பாக்கிய பக்கம் குறைவாகவும் குடிப்பதால்தான் அது வளைகிறது, அந்த இழுப்பில் பபுள் ஓரம் பிய்கிறது. பபுளின் மஞ்சள் நிறம் வெளிச்சத்தால் வருவது, வயசாலும் வருவது, வந்த மஞ்சள் திரும்பப் போகாது. பீரோவுக்கு மேலிருந்து இறக்கி உள்ளே வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள், சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மழைக்காலத்தில் மாற்றுங்கள். பிவிசி கவர் வேண்டாம், அது கார்டின் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, எத்தனை தடவை சொன்னாலும் யாரோ ஒருவர் செய்கிறார்: பாச்சா உருண்டை போடாதீர்கள். புடவைக்கு அது சரி. நாஃப்தலின் ஆவி பட்டால் சில பிளாஸ்டிக், முக்கியமாக பாலிஸ்டைரீன், இளகிப் பிசுபிசுக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து உருண்டை போட்டுப் பொம்மையின் முகத்தையே உருக்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி (பெரம்பூர்): ஃபேக்டரி சீல் என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பபுள் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பழசானால் அப்படி ஆகுமா?

பதில்: ஆகாது. பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது பார்க்காமல் வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு முதலில் உங்களைத்தான் திட்ட வேண்டும், ஆனால் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். சாயங்காலம், கரண்ட் போய் எமர்ஜென்சி லைட் எரிகிற நேரம். "நான் தொட்டதேயில்ல சார், அப்படியே கார்ட்டன்ல இருந்து எடுத்தது" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த விதத்திலேயே நான் விழுந்துவிட்டேன். வீட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே கார்டைச் சாய்த்துப் பிடித்தபோது, பபுளின் மூன்று ஓரத்திலும் ஒரே சீரான அழுத்தம், நாலாவது ஓரத்தில், அதாவது அடியில், சோற்றுப் பசை காய்ந்த மாதிரி ஒரு மினுமினுப்பு. நகத்தால் தட்டினேன், திறந்துகொண்டது. உள்ளே இருந்த ஆள் சரியான ஆள்தான், கையில் இருந்த துப்பாக்கி வேறு யாருடையதோ, இடது முட்டியில் பெயின்ட் தேய்ந்திருந்தது. பபுளுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்கு முட்டி எப்படித் தேயும்? அந்தச் சிராய்ப்பை மறைக்கத்தான் அவனைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். லூஸ் விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து ஒரு லூஸ் பீஸை வாங்கி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இதில் காசு போனதைவிட எரிச்சல், அந்த பீஸை லூஸ் என்று சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன் என்பதுதான். இந்த ஒட்டு வேலைக்கு உரம் போடுவதே "இன்வெஸ்ட்மென்ட்" ஆட்கள். அவர்களுக்கு சீல்டு என்ற வார்த்தை போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டார்கள், திறக்கவும் மாட்டார்கள், அடுத்தவருக்கு விற்பார்கள். அவரும் திறக்க மாட்டார். ஒட்டினவனுக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது. ஃபேக்டரியில் பபுளை ஒட்டுவது சூட்டில்: கார்டின் மேல் உள்ள பூச்சு இளகி பபுள் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பட்டை சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்கும். அதைப் பிய்த்தால் பெரும்பாலும் அட்டையின் நாரும் சேர்ந்து வரும். திரும்ப ஒட்டும்போது அந்த நார் மடங்கிக் கசங்கிப் பபுளுக்கு அடியில் தெரியும். ஃபெவிக்விக் மாதிரிப் பசை போட்டால் கண்ணாடி பிளாஸ்டிக்கில் வெண்பூச்சாகப் படியும், நீங்கள் பார்த்தது அதுதான். க்ளூ கன் என்றால் சிலந்தி நூல் மாதிரி இழை. கெட்டிக்காரர்கள் ஓரத்தைத் தொடவே மாட்டார்கள், பபுளின் அடிப்பக்கத்தை பிளேடால் கீறி ஆளை மாற்றி வைப்பார்கள், அதனால்தான் அடிப்பக்கப் படம் கேளுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். பெட்டியாக இருந்தால் டேப்பைப் பாருங்கள்: பெட்டி 1990, டேப் நேற்று வாங்கினது போலப் பளபளப்பு என்றால் நடுவில் யாரோ வந்து போயிருக்கிறார்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற யூவி டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைய காகிதம் அதில் நீல வெள்ளையாக ஜொலிக்கும். புதிதாக அச்சடித்த போலிக் கார்டு அதில் மாட்டும், ஆனால் பழைய காகிதத்திலும் சிலது ஜொலிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

உங்கள் பீஸைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்றே கொடுங்கள். முடியாவிட்டால் திறந்துவிடுங்கள். ஒட்டின பீஸை ஒட்டினது என்று சொல்லாமல் இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள், எனக்குத் தெரிந்தால் உங்கள் அடுத்த கடிதத்துக்குப் பதில் வராது.

கேள்வி (சௌகார்பேட்டை): சீல்டு பீஸில் உள்ள எம்ஆர்பி ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: கையை எடுங்கள். விலையும், இறக்குமதி செய்தவர் பெயரும், மாதம் வருஷமும் இருக்கிற ஒரே சாட்சி அது. லைட்டர் பெட்ரோல் வைத்துத் துடைத்து அச்சையும் சேர்த்துத் துடைத்தவர்கள் நிறைய.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ஜப்பான் அனிமே ஃபிகர், பிவிசி. ஆறு வருஷமாகப் பெட்டியைத் திறக்கவில்லை. அப்படியே இருப்பது நல்லதுதானே?

பதில்: இல்லை. பிவிசியை இளக்கமாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் மேலே கசியும், மூடிய பெட்டிக்குள், நம்ம மே மாதச் சூட்டில், அது ஆவியாகிப் போக வழியில்லாமல் பொம்மை மேலேயே பிசுபிசுவென்று உட்காரும். திறந்து பாருங்கள். ஒட்டினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், நிழலில் உலர்த்தல். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக்கூடாது.

கேள்வி (வியாசர்பாடி): 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கீழ் அடுக்கில் இருந்த சீல்டு பீஸ்கள் நனைந்தன. கார்டில் பழுப்புக் கோடு, உள்ளே கறுப்புப் புள்ளி. விற்றால் என்ன விலை சொல்லலாம்?

பதில்: அந்தக் கோடு சாக்கடைத் தண்ணீர் நின்ற அளவு. அது போகாது. கறுப்புப் புள்ளி பூஞ்சணம், பக்கத்தில் உள்ள நல்ல கார்டுக்கும் தாவும், முதலில் ஒதுக்கித் தனியாக வையுங்கள். என் பேச்சைக் கேட்டால் அத்தனையையும் திறந்துவிடுங்கள். பொம்மையைக் கழுவி எடுத்துவிடலாம், அட்டையைக் கழுவ முடியாது. ஸ்பிரிங், ஸ்க்ரூ உள்ளதில் துரு பார்க்கவும், சத்தம் போடுகிற பொம்மை என்றால் பேட்டரியை உடனே எடுக்கவும். லூஸ் விலைக்கு, வெள்ளத்தில் நனைந்தது என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. நானும் கீழ் அடுக்கில் இப்போது பழைய பேப்பர் தவிர எதுவும் வைப்பதில்லை.

கேள்வி (புளியந்தோப்பு): காயலாங்கடையில் ஒரு கோணிப்பையில் பன்னிரண்டு ஃபிகர், ஹீ-மேன் (கையில் கத்தியோடு வரும் கார்ட்டூன் வீரன்) மாதிரியும் இருக்கிறது. ஆயுதம் எதுவும் இல்லை. 600 கேட்கிறார்.

பதில்: இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எடுங்கள்! ஹீ-மேன் காலை ஆட்டிப் பாருங்கள். தொங்கினால் உள்ளே உள்ள ரப்பர் பேண்ட் போயிருக்கிறது, மாற்றலாம். இடுப்பைத் திருப்பிவிட்டால் ஸ்பிரிங்கில் தானே திரும்பிவர வேண்டும். ஆயுதம் இல்லாதது நஷ்டம்தான், என் கணக்கில் லூஸ் பீஸின் விலையில் ஏறக்குறைய பாதி ஆயுதத்தில் இருக்கிறது. ஆனால் "ஒரிஜினல் கத்தி" என்று தனியாக விற்பதில் புதிதாக வார்த்தது நிறைய வருகிறது. பொம்மையை வாங்கின விலையை மறந்து கத்திக்கு ஆயிரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): அமெரிக்காவிலிருந்து சீல்டு பீஸ் வரவழைக்கலாமா? கஸ்டம்ஸ் எவ்வளவு?

பதில்: பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. அனுப்புவதற்கு முன் இன்றைய நிலவரத்தைக் கூரியர்காரரிடம் கேளுங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி வேறு இருக்கிறது. சோதனைக்குப் பெட்டியைத் திறந்தால் உங்கள் சீல்டு அங்கேயே லூஸ், யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்? கார்டோடு வந்தால் இடத்தை அடைக்கிறது என்று கூரியர் எடையும் கூடுதலாகக் கணக்காகும். லூஸ் பீஸ் பத்து, ஒரு செருப்புப் பெட்டியில் வந்துவிடும்.

கேள்வி (மாதவரம்): கொசப்பேட்டையில் வாங்கிய கொலு பொம்மையைப் பெட்டியிலேயே வைத்தால் விலை ஏறுமா?

பதில்: ஏறாது. நவராத்திரிக்கு எடுத்துப் படியில் வையுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): சீல்டாக வைத்திருந்த ஜோவை என் ஆறு வயசுப் பையன் கிழித்துத் திறந்துவிட்டான். மனசே சரியில்லை. எல்லாம் போச்சா?

பதில்: அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்து வையுங்கள். பின்பக்கம் கத்தரித்து எடுக்கிற மாதிரி அந்த ஆளின் ஜாதகம் அச்சடித்த ஃபைல் கார்டு இருக்கும், ஆயுதத்தோடு அதுவும் சேர்ந்தால்தான் லூஸில் முழு செட். ஆயுதங்களை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள், சோபா அடியில் போனால் அதோடு சரி. பையன் துப்பாக்கியைக் கையில் மாட்டும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், கட்டைவிரல்.