பிளாஸ்டிக் பை கேட்பவரை முறைப்பது நியாயமா?

கடையில் பிளாஸ்டிக் பை கேட்டால் மற்றவர்கள் முறைக்கிறார்களே, இந்த அழுத்தம் நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோக்கம் சரி, ஆனால் அந்த அழுத்தம் விழும் ஆள்தான் பல நேரம் தவறு.

கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த, மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் பையோடு பட்டணத்தில் இறங்கியவரை ஒருகாலத்தில் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியபின், அதே பை பெருமைக்குரியதாயிற்று. கூச்சம் தோள் மாறியது, அவ்வளவே.

டென்மார்க் அரசின் 2018 ஆய்வுப்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது மறுபடி பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். ஆகவே, விழாவுக்கு விழா புதுத் துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குபவருக்கு, வேலை முடிந்து வரும் வழியில் மாவு வாங்க வெறுங்கையோடு நிற்கும் தினக்கூலியை முறைக்க உரிமையில்லை.